படத்தில் இருக்கும் தோட்டம் எங்களுடையது அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி டாக்டர் அவர்களுக்கு,

எடையளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவனும், இன்னும் பத்தொன்பது நாளில் தங்கள் மகனுக்கு மாமனாராகப் போகிறவனும் (இதைப் படித்த பிறகும் தாங்கள் சம்மதித்தால்) ஆகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவியும் மகளும் சௌக்கியம். என் இடுப்பை இந்தச் சௌக்கியத்தில் சேர்க்கவில்லை. தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசிப் பக்கம் வரை அந்த நலம் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். நாற்காலியில் யாராவது வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தால், முதலில் அவரை முடித்து அனுப்பிவிட்டுப் பிறகு படிக்கவும். இது அவசரத்தில் படிக்கிற கடிதம் இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு சம்பந்தி அம்மாளின் செல்போனுக்கு நான் ஒரு படம் அனுப்பினேன். சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று வரிசை ரோஜா. பின்னால் ஆள் உயரத்துக்கு மஞ்சள் கல்வாழை. முன்னால் முழங்கால் உயரத்தில் ஊதா டெய்சி. நடுவில் செங்கல் பாதை. அதைப் பெரிதாக அச்சடித்துத் தங்கள் கிளினிக்கில் மாட்டியிருப்பதாகவும், பல்வலியோடு வருகிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் மாப்பிள்ளை சொன்னார். சொல்லும்போது அவருக்கு எவ்வளவு பெருமை! நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறிவிட்டது. டாக்டர், அந்தப் படத்தில் இருக்கும் தோட்டம் எங்களுடையது அல்ல. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தாங்கள் எல்லோரும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தி அம்மாள் சொன்னார்: "எனக்கு மண்டபம்னாலே தலைவலிங்க. நாற்காலி இழுக்கிற சத்தம், ஒலிபெருக்கிச் சத்தம், யாரு என்ன பேசறாங்கன்னே கேக்காது. உங்க வீட்ல தோட்டம் இருக்கா?" நான், "இருக்குங்க" என்றேன். அது பொய் இல்லை. சமையலறைக்குப் பின்னால் நாற்பதடிக்கு இருபத்தைந்தடி காலி இடம் உண்டு. அதில் ஒரு குழாய், ஒரு துணிக்கொடி, ஓடாத ஒரு வாஷிங் மெஷின், இடுப்பளவு புல். எந்தச் சட்டத்திலும் தோட்டம் என்றால் பூ இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தராசில் வைத்திருந்தால் தட்டு தரையில் இடித்திருக்கும். சம்பந்தி அம்மாள் விடவில்லை. "ரோஜா வச்சிருக்கீங்களா?" என்றார். நான், "ரோஜா இல்லாம ஒரு தோட்டமாங்க?" என்றேன். நான் அதைப் பொதுவான ஒரு கேள்வியாகத்தான் கேட்டேன், டாக்டர். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். "அப்ப கல்யாணத்த அங்கயே வச்சுக்கலாமே! நூறு பேரு, அளவா, சத்தமில்லாம!" என்றதும், தாங்களே கையைத் தட்டினீர்கள். என் மகளும் தங்கள் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை செடி விற்கும் நர்சரிக்குப் போனேன். வாசலிலேயே அந்தப் பாத்தி பூத்துக் குலுங்கியது. நின்று படம் எடுத்தேன். "இது எங்கள் தோட்டம் ஐந்து மாதத்தில் இருக்கப்போகும் விதம்" என்று எழுதி அனுப்புவதுதான் என் எண்ணம். ஆனால் என்னுடையது முத்திரை குத்திப் பழகிய கட்டை விரல். எங்கே வைத்தாலும் அழுத்திவிடும். மூன்று வார்த்தை எழுதியதும் அழுத்திவிட்டது. "இது எங்கள் தோட்டம்" மட்டும் போய்விட்டது. மீதியை எழுதுவதற்குள் பதில் வந்துவிட்டது: "ஐயோ எவ்வளவு அழகு! இவர்கிட்ட காட்டினேன், ஒரு பல்ல பாதியில விட்டுட்டு ஓடி வந்து பாத்தார்." டாக்டர், ஒரு மனிதர் பாதிப் பல்லோடு நாற்காலியில் காத்திருக்கிறார், தாங்கள் எங்கள் தோட்டத்தைப் பார்க்க ஓடி வந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு "அல்ல" என்று எப்படி எழுதுவது?

நான் யார் என்று தங்களுக்குத் தெரியும். சந்தையில் எனக்கு வைத்த பெயர் "முள்ளு". தராசு முள் இம்மி விலகினாலும் விடமாட்டான் என்று அர்த்தம். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், எடைக்கல்லின் அடியைக் குடைந்து மெழுகு அடைத்தவன், எல்லோரையும் பிடித்திருக்கிறேன். பிடிபட்ட ஒவ்வொருவனும் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "சார், கொஞ்சம் டைம் குடுங்க, சரி பண்ணிடறேன்." ஒருவனுக்கும் ஒரு மணி நேரம் கொடுத்ததில்லை. எனக்கு நானே ஐந்து மாதம் கொடுத்துக்கொண்டேன். படம் பொய்யாக இருந்தால் என்ன, தோட்டத்தைப் படத்துக்குச் சமமாக்கிவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படத்தில் இருந்த செடிகளை எண்ணினேன். ரோஜா பதினெட்டு, கல்வாழை பன்னிரண்டு, டெய்சி இருபத்து நான்கு. கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு செடிக்கும் இடம் குறித்து, எண் கொடுத்தேன். தாளில் தோட்டம் பிரமாதமாக இருந்தது.

பிறகு மண்வெட்டியை எடுத்தேன். முதல் வெட்டிலேயே ஒரு சத்தம். இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி மிச்சம் மீதி எல்லாவற்றையும் பின்னால் புதைத்து மேலே ஒரு சாண் மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார். உடைந்த ஓடு, மூட்டை வடிவத்திலேயே இறுகிப்போன சிமெண்ட், ஒரு முழு வாஷ்பேசின், யாருடையதோ இடது கால் செருப்பு. வாஷ்பேசினைத் தூக்கும்போதுதான் என் இடுப்பு போனது. மகள் பிசியோதெரபிஸ்ட் என்பது தங்களுக்குத் தெரியும். அவள் என்னைக் குப்புறப் போட்டு அழுத்திக்கொண்டே, "அப்பா, முதுகு முழுக்க முடிச்சு முடிச்சா இருக்கு. எதுக்குப்பா இவ்வளவு?" என்றாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உனக்காகத்தான்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நான் முனகினேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

ரோஜாவுக்கு ஆறு மணி நேரம் வெயில் வேண்டும் என்று நர்சரிக்காரர் சொன்னார். அவர் எதைக் கேட்டாலும் "வேர் புடிச்சிடுச்சுன்னா கவலையே இல்ல சார்" என்று முடிப்பவர். நான் அப்படி வாய்வார்த்தையில் விடுகிற ஆள் இல்லை. குடையும் கடிகாரமும் நோட்டும் எடுத்துக்கொண்டு எட்டு நாள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்தேன். மதிலோரத்தில் ஆறு மணி இருபது நிமிடம். அளவு நாடா பிடித்து, செடிக்குச் செடி இரண்டரை அடி விட்டு, பதினெட்டு ரோஜாவையும் அங்கே நட்டேன். ஆறு வாரம் எல்லாம் துளிர்விட்டது. நான் விசிலடிக்கிறேன் என்று மனைவி சொன்னாள். ஏழாவது வாரத்திலிருந்து மதிலோரத்தில் நிழல். நாள் முழுக்க எங்கள் வீட்டு நிழலே அதன் மேல் விழுந்து கிடந்தது. நர்சரிக்காரரிடம் ஓடினேன். "சூரியன் ஒரே தடத்துலயா சார் போகும்? மாசத்துக்கு மாசம் நகருமே" என்றார். வருடா வருடம் ஒவ்வொரு தராசையும் மறுபரிசோதனை செய்ய வைத்தவன் நான். சூரியனுக்கும் மறுபரிசோதனை வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் தோண்டி எதிர்ப்பக்க மதிலோரம் மாற்றினேன். துளிர்விட்டிருக்கும்போது பிடுங்கினால் அதுவும் ஒரு உயிர்தானே? ஐந்து செடி அந்த வாரமே கருகிவிட்டது. நட்டதையும் நானே எண்ணினேன், போனதையும் நானே எண்ணினேன்.

மிச்சம் பதின்மூன்றில் நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. இந்த ரோஜா எல்லாம் ஒட்டுச்செடி. கீழே ஒரு காட்டு ரோஜாவின் தண்டு, அதன் மேல் நல்ல ரோஜாவை ஒட்டவைத்திருப்பார்கள். இது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு செடியின் அடியிலிருந்தும் தளதளவென்று ஒரு கிளை புறப்பட்டது. வாரத்துக்கு ஓரடி. மேலே இருந்த கிளைகளோ சுணங்கிப்போய், ஒரு மொட்டுக்கே யோசித்துக்கொண்டு நின்றன. எனக்கு வேலை செய்கிறவனைப் பிடிக்கும், சோம்பேறியைப் பிடிக்காது. கத்தரிக்கோலை எடுத்து மேலே இருந்த சோம்பேறிக் கிளைகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். அடியிலிருந்து வந்ததற்கு உரம் வைத்தேன், குச்சி ஊன்றினேன், தினமும் இரண்டு வாளி தண்ணீர். அவை மதிலைத் தொட்டதும் பெருமையோடு நர்சரிக்காரரை அழைத்து வந்து காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு செடியின் அடியையும் குனிந்து பார்த்தார்.

"சார், ரோஜா எங்க?"

"இதான்யா. எப்படி வளந்திருக்கு பாத்தியா?"

"இது அடிக்கட்டைல கெளம்புன காட்டுக் கொம்பு சார். இத வெட்டிட்டு அத வச்சிருக்கணும். நீங்க ரோஜாவ வெட்டிட்டு முள்ளுக்குத் தண்ணி ஊத்திருக்கீங்க."

அவர் செடியைத்தான் சொன்னார். ஆனாலும் சந்தை முழுக்க என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சுருங்கிவிட்டது. பதின்மூன்றில் இரண்டுதான் தப்பியிருந்தது. அந்த இரண்டும் எனக்குக் கத்தரிக்கோல் எட்டாத மூலையில் இருந்தவை.

அந்த இரண்டையும் எப்படிக் காப்பாற்றினேன் என்று கேளுங்கள். காப்பாற்றவில்லை. இலைக்கு அடியில் பச்சையாகப் பேன் மாதிரி பூச்சி அப்பிக்கொண்டது. பத்திரிகையில், "ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோப்புத் தூள் கலந்து தெளிக்கவும்" என்று போட்டிருந்தது. சிட்டிகை என்பது ஓர் அளவா, டாக்டர்? யாருடைய சிட்டிகை? மனைவியின் விரல் வேறு, என் விரல் வேறு. என் நகைக்கடைத் தராசை எடுத்து (ஓய்வுபெறும்போது அலுவலகத்தில் அன்பளிப்பாகக் கொடுத்தது) மனைவி, மகள், பால்காரர், நான் என்று நான்கு பேரை ஆளுக்குப் பத்துச் சிட்டிகை எடுக்க வைத்து நிறுத்துச் சராசரி கண்டுபிடித்தேன். பால்காரருக்குக் கட்டை விரல் முறம் மாதிரி. அவரால்தான் சராசரி ஏறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் காலை இரண்டு செடியும் வறுத்த மாதிரி நின்றன. பூச்சி மட்டும் உயிரோடு இருந்தது, நான் தெளித்ததில் அதற்குக் குளித்த தெளிவு.

சரி, ரோஜா போகட்டும், மற்ற செடிகள் இருக்கின்றனவே என்பீர்கள். "ஒரு தடவ நட்டா வருஷா வருஷம் பூக்கும் சார்" என்று சொல்லித்தான் நர்சரிக்காரர் கொடுத்தார். கல்வாழைக் கிழங்கு ஒரு பை, டெய்சி வேர்க்கட்டு ஒரு பை. இரண்டிலும் காகிதச் சீட்டு. அன்று மழை. சீட்டு கரைந்துவிட்டது. பார்த்தால் இரண்டும் மண் உருண்டைகள். பெரிய உருண்டை என்றால் வளர வேண்டியதெல்லாம் மண்ணுக்குள்ளேயே வளர்ந்து முடிந்துவிட்டது, வெளியே குட்டையாகத்தான் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேட்காதீர்கள். பெரியதை முன்வரிசையில் நட்டேன். இப்போது முன்வரிசையில் பன்னிரண்டு கல்வாழையும் ஆறடி உயரத்துக்கு, ஆளாளுக்குக் கதவகல இலையோடு, பூ மட்டும் இல்லாமல், வாசல்காவலர் மாதிரி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். எல்லாவற்றுக்கும் பின்னால் அடர்ந்த நிழலில் டெய்சி இருபத்து நான்கும் பச்சையாகத் தரையோடு கிடக்கின்றன. ஒரு மொட்டுகூட இல்லை. "என்னய்யா இது?" என்றால், "மொத வருஷம் அது வேரத்தான் பாக்கும் சார். பூவெல்லாம் ரெண்டாம் வருஷந்தான்" என்கிறார். இதை நடுவதற்கு முன்னால் சொல்லக்கூடாதா? "நீங்க கேக்கலயே சார்."

பூத்தது ஒன்றே ஒன்று. குழாயடியில், சோப்புத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் நடாமல், யாரும் ஊற்றாமல், இளஞ்சிவப்பாக ஒரு புதர். வரைபடத்தில் அதற்கு எண் இல்லை. களை என்று வேரோடு பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தேன். மனைவி ஓடி வந்தாள். "என்னங்க பண்றீங்க! அது நித்தியகல்யாணிங்க. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் பூக்கும். பேர்லயே கல்யாணம் இருக்கு!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். குப்பை வண்டி போய்விட்டிருந்தது.

போன மாதம் சம்பந்தி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாரே, அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் அவர் குரல் கேட்டதும் நான் பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "தோட்டத்த ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "இன்னிக்குத்தாங்க மருந்து அடிச்சிருக்கோம். மூணு நாளைக்கு யாரும் உள்ள போகக்கூடாது" என்றேன். அவர் முகம் வாடியது. "சன்னல் வழியா?" என்றார். "சன்னல் வழியாவும் ஆகாதுங்க. கண்ணுக்குக் கெடுதல்." என் மனைவி அன்று காலை கடையில் வாங்கிய ஒற்றை ரோஜாவைக் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்தாள், முன்னறை வெறிச்சென்று இருக்கிறதே என்று. சம்பந்தி அம்மாள் குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம தோட்டத்துதா?" என்று கேட்டார். "உங்க" என்று சொல்லவில்லை, டாக்டர், "நம்ம" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "காப்பி ஆறிடப் போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் போன பிறகு சமையலறைக்குப் போனேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். "முப்பத்தோரு வருஷம் நேர்மை, நேர்மைன்னு எங்கள ஒரு காய்கறிக்காரன்கிட்ட ஒரு கொத்து கொசுறு வாங்க விட்டீங்களா? அந்தம்மா கண்ண மூடிக்கிட்டு மோந்து பாக்கறாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் சரி.

கடைசி முயற்சியாக நேற்று நர்சரிக்குப் போனேன். "உன் வாசல்ல இருந்த அந்தப் பாத்திய அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து எங்க வீட்ல வச்சிடு. என்ன கேட்டாலும் தரேன்" என்றேன். அவர் சிரித்தார். என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே வேறு ஏதோ பூ இருந்தது. குனிந்து ஒரு செடியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். கறுப்புத் தொட்டியோடு மேலே வந்தது. பக்கத்துச் செடி, அதுவும் தொட்டி. எல்லாம் தொட்டி. விளிம்பு தெரியாமல் மேலே மண்ணைப் போட்டு மூடியிருந்தார்.

"இது தோட்டமே இல்ல சார். பூத்த தொட்டியா பாத்து மண்ணுல எறக்கி வைப்பேன். வாடுனா தூக்கிட்டு வேற வைப்பேன். கடை வாசல்ல கண்ணுக்குக் குளிர்ச்சியா ஏதாவது இருக்கணும்ல?"

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"இதுக்கு முத்திரை குத்தறது உங்க ஆபீசுல இல்லயே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

டாக்டர், எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தும்விட்டேன். உர மூட்டை மேல். கள்ளத் தராசு நூறு மீட்டர் தூரத்தில் இருந்தாலே கண்டுபிடிப்பவன் என்று பேர் வாங்கியவன், ஒரு கள்ளத் தோட்டத்தைப் பார்த்து மயங்கி, அதைப் படம் எடுத்து, அந்தப் பொய்க்கு மேல் என் பொய்யைப் போட்டு, அதற்குச் சமமாக ஓர் உண்மையான தோட்டத்தை வளர்க்க ஐந்து மாதம் இடுப்பை ஒடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தோட்டம் உலகத்தில் எங்கேயுமே இருந்ததில்லை. நர்சரிக்காரர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போட்டாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை பின்னால் போய் நின்று பார்த்தேன். மதிலைத் தொடும் பதினோரு காட்டுக் கொம்பு, கருகிய இரண்டு குச்சி, ஆறடிக் கல்வாழை, அதற்குப் பின்னால் பூவில்லாத பச்சைத் தரை, மூலையில் வாஷ்பேசின். இதன் நடுவில் சம்பந்தி அம்மாளை எங்கே உட்கார வைப்பேன்? என் மகளை எங்கே நிறுத்துவேன்? அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், "எங்கப்பா பொய்யக் கண்டுபிடிப்பார்" என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் கல்யாணத்தன்று நூறு பேர் முன்னால் கண்டுபிடிக்கப்படப்போகிறவன் நானாக இருக்கிறேன். அதற்குள் நானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் இதை எழுதுகிறேன். குற்றம் முழுக்க என்னுடையது. என் மனைவி முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்றாள். மகளிடம் படத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதற்காக அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவழியில் இருக்கும் சிறிய மண்டபம் அந்தத் தேதிக்குக் காலியாக இருக்கிறது. நாற்காலிகளுக்கு அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், இழுத்தால் சத்தம் வராது, நானே போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். தாங்கள் நோயாளிகளிடம் "வலிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பீர்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். என்னிடம் அந்தக் கருணை வேண்டாம். வலிக்கிற மாதிரியே திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் தலைகுனிந்த வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நான் கொடுக்கிற ஆசி செல்லும் என்று அவர் இன்னும் நினைத்தால். தங்கள் குடும்பம் எப்போதும் நிறைவாக, குறையில்லாத எடையோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கத் தகுதியில்லாத,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன், எழுத்துப்பிழை பார்க்க மகளிடம் கொடுத்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து படித்தாள். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் தண்ணீர் மட்டும் வந்தது. "அப்பா, திட்டாதீங்க. எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். மாப்பிள்ளைக்கு மாற்றலான இடத்தில் குவார்ட்டர்ஸ் வேண்டுமென்றால் கல்யாணச் சான்றிதழ் உடனே கொடுக்க வேண்டுமாம். நாற்பத்தொரு நாளைக்கு முன்பே இரண்டு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "நீங்க தோட்டத்துல அவ்வளவு கஷ்டப்பட்டுட்டு இருந்தீங்க, அத்தை அவ்வளவு ஆசையா இருந்தாங்க. எப்படிப்பா சொல்றது?" என்கிறாள். என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்" என்றாள். தங்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் இது தெரியாது என்பதால், இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறீர்கள். உட்கார்ந்து படிக்கச் சொன்னது வீண்போகவில்லை. நான் கோபப்பட்டேனா என்றால், பட்டேன். சுமார் நான்கு நிமிடம். அதற்குள் எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. சட்டப்படி கல்யாணம் முடிந்துவிட்டது, முத்திரையும் விழுந்துவிட்டது என்றால், பத்தொன்பது நாளில் எதையும் நடத்தியே ஆக வேண்டும் என்ற அவசரம் யாருக்கு? ஒரு வருடம் கழித்து விருந்தாகவே வைத்துக்கொள்ளலாமே! டெய்சி இப்போதே நன்றாக வேர் பிடித்திருக்கிறது, அடுத்த வருடம் பூத்துவிடும். ஆகவே, மேலே மன்னிப்பு, மண்டபம், ரப்பர் நாற்காலி பற்றி எழுதியிருக்கும் பத்திகளைத் தயவுசெய்து அடித்துவிடவும். சம்பந்தி அம்மாளிடம் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்பதை மட்டும், தங்களுக்குத் தெரிந்த வலிக்காத முறையில், சொல்லவும். இருபது ரோஜாவுக்குப் புதிதாகச் சொல்லியாகிவிட்டது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் மண்வெட்டியோடு பின்னால் இறங்கிவிட்டாள், போட்டுக் கொத்திக்கொண்டிருக்கிறாள். கல்யாணப் பெண் மண்வெட்டி பிடித்தால் கை காய்த்துவிடும் என்று கத்த வாயெடுத்தேன். அவள்தான் கல்யாணப் பெண் இல்லையே. கொத்தட்டும்.